இடதுபக்கப் பின்சீட்

காரை ஓட்டிப் பார்த்த அன்றே அந்த மணி அடித்தது. பின்சீட்டின் இடதுபக்கத்தில் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாகத் திரையில் சிவப்பாக ஒரு பொம்மை மினுங்கியது. ஸ்வர்ணா திரும்பிப் பார்த்தாள். அங்கே யாருமில்லை. விற்றவன் சென்சார் கோளாறு என்று சிரித்தான். அவள் கணவன் நவநீத் இறங்கிப் போய்க் காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். மணி நின்றது.

"அவ்ளோதான் ஸ்வர்ணா. ரெண்டு வருஷம்தான் ஓடின எலெக்ட்ரிக் கார், இந்த விலைக்கு வேற எங்க கிடைக்கும்?"

அவளுக்கும் சரியென்றுதான் பட்டது. விசா ஸ்டாம்பிங்குக்கு அவன் சென்னை போய்விட்டால், மகள் அதிதியை டேகேர் கொண்டுபோய் விட அவளுக்கு ஒரு வண்டி வேண்டும்.

அவன் சென்னையிலேயே மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் இருந்த ஊரான ரவுண்ட் ராக்கில் ஐஸ் மழை பிடித்தது. கரண்ட் போனது. மறுநாள் மதியத்துக்குள் வீட்டுச் சுவரெல்லாம் தொட்டால் சுடுகிற குளிர். சுவருக்குள் குழாய்கள் முனகின. வாசல் ஓக் மரத்தின் பெருங்கிளை பனிக்கட்டியின் கனம் தாங்காமல் முறிந்து, கராஜ் கதவை அடைத்துக்கொண்டு விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் நாளே கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள்.

"கார்ல போய் உக்காந்துக்கோ," என்றான் நவநீத் போனில். "புகை வராத வண்டி. கராஜ்லயே ஹீட்டர் போட்டுக்கலாம், பயமில்ல. சார்ஜ் இருக்கில்ல?"

"இருக்கு. நவநீத், நீ எப்ப..."

சிக்னல் அறுந்தது. பிறகு வரவேயில்லை.

காருக்குள் இருபது நிமிடத்தில் விரல்களுக்கு உயிர் வந்தது. வலதுபக்கத்தில் தன் குழந்தை சீட்டில் அதிதி கண் செருகினாள். ஹீட்டரின் மெல்லிய இரைச்சலுக்கு அடியில், நனைந்த கம்பளியின் வாடையொன்று எங்கிருந்தோ கிளம்பி வந்தது; அவர்கள் போர்த்தியிருந்ததெல்லாம் காய்ந்த போர்வை. ஸ்வர்ணா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். இடது ஜன்னலின் கீழ்ப்பக்கம், ஒரு குழந்தையின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், வட்டமாக ஆவி படிந்திருந்தது. மறைந்தது. படிந்தது. மறைந்தது.

அவள் திரும்பினாள். காலி சீட்டின் மேல் தட்டையாகக் கிடந்த பெல்ட், இப்போது எதன்மேலோ புடைத்து, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்து, அதிதியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

இருந்த போர்வை, புடவை, ஜமக்காளம் எல்லாவற்றையும் குவித்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். வெளிச்சம் மங்கியது. அதிதியின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டே இருந்தன. பிறகு அடிப்பது நின்றுபோயிற்று.

"அம்மா," என்றாள் நாக்குக் குழறி. "ஐயாம் நாட் கோல்ட் எனிமோர்."

உதடு நீலமாக இருந்தது.

நடுக்கம் நின்றுபோனால் அது நல்லதற்கில்லை என்று ஸ்வர்ணாவுக்குத் தெரியும். வெப்பம் இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

டார்ச்சோடு கராஜுக்குள் வந்தாள். காரின் எல்லாக் கண்ணாடிகளிலும் உள்ளிருந்து ஆவி படிந்திருந்தது.

"அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க," என்றாள், யாரிடம் என்று தெரியாமல். குரல் தனக்கே கேட்கவில்லை.

முன்சீட்டில் ஏறினாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். ஹீட்டரைக் கூட்டினாள்.

பின்னால் சீட் கிறீச்சிட்டது. பாரம் ஒன்று இடம் மாறியது.

அவள் திரும்பவில்லை.

கழுத்துக்குப் பின்னால் மூச்சு. ஈரக் கம்பளி. இன்னும் கிட்டே.

முன்சீட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிறு கை நீண்டது. விரல் நுனிகள் கறுத்திருந்தன. ஸ்வர்ணாவைத் தொடாமல் தாண்டி, சூடான காற்று வரும் துவாரத்தின் முன் அது விரிந்தது. தீயில் குளிர்காய்வதுபோல் உள்ளங்கையும் புறங்கையுமாகத் திருப்பிக்கொண்டது.

பக்கத்தில் இன்னொரு கை.

கதவைத் திறந்து எங்கே போவாள்? மடியில் அதிதியின் கன்னம் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. மூச்சு சீரானது. தூக்கத்திலேயே, துவாரத்தின் முன் நீட்டியிருந்த தன் பிஞ்சுக் கையை ஒதுக்கி அவள் இடம் விட்டாள்.

அந்த இடத்துக்கு மூன்றாவது கை ஒன்று நீண்டது.