காதைப் பிடித்தால் அவுட் இல்லை

குடைச்சலின் நோட்டு சிவப்பு மையில் குளித்துவிட்டு வந்திருந்தது.

எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று குடைந்துகொண்டே இருப்பாள். அதனால்தான் ஐந்தாம் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர்.

“புத்தகத்தில் இல்லாமல் வாய்க்கு வாய் போகிற கதை, பாட்டு, விடுகதை, விளையாட்டு எல்லாமே நாட்டார் வழக்காறுதான். பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கு ஒன்றைச் சேகரித்து வாருங்கள்” என்று டீச்சர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் கதையும் விடுகதையுமாக வந்தார்கள். குடைச்சல் விளையாட்டு மைதானத்துக்குப் போனாள்.

ஓடிப்பிடித்து விளையாடும்போது மூச்சு வாங்கினால் என்ன செய்வது? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது தொட்டால் அவுட் இல்லை. ஐந்தாம் வகுப்பு, தலையில் கை வைக்கிறது. பள்ளி வேன் டிரைவர் சின்ன வயதில் ஒற்றைக் காலில் நின்றாராம். சொன்னது யார், வயது என்ன, யாரிடம் கற்றது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருந்தாள்.

தலையில் கை வைப்பதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் டீச்சர் அடித்திருந்தார்.

“ஒரு விளையாட்டுக்கு மூணு விதி எப்படி இருக்கும்? சரியானதை மட்டும் எழுதிக் கொண்டா. இல்லன்னா கண்காட்சி மேசையில உன் நோட்டு இருக்காது.”

“மாத்தி எழுத மாட்டேன் டீச்சர்.”

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில் இருந்த தோழி அவள் கையைக் கிள்ளினாள். “சும்மா இருடி. மேசை போயிடும்.”

“போனாப் போகட்டும்.” குடைச்சல் எழுந்து நின்றாள். “மூணுமே சரிதான் டீச்சர். வாய்க்கு வாய் போறது மாறாம எப்படிப் போகும்? வேன் அண்ணன் எனக்கு நின்னே காட்டினாரு. அதை எப்படி அடிக்கிறது?”

“ஒத்தைக் கால்ல நின்னா கீழ விழுந்துட மாட்டாங்களா?” டீச்சருக்கும் சூடு ஏறிவிட்டது. “நாங்கல்லாம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவோம். அதுதான்...”

டீச்சர் சட்டென்று நிறுத்தினார். தூக்கிய கட்டை விரல் தூக்கியபடியே நின்றது.

குடைச்சல் அதற்குள் புதுப் பக்கத்தைத் திருப்பியிருந்தாள். “உங்க வயசு டீச்சர்?”

“வயசெல்லாம் எதுக்குடி?”

“எல்லார்கிட்டயும் கேட்டேனே.”

டீச்சர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“நாப்பத்தொண்ணு. எங்க சித்தி பொண்ணு சொல்லிக்கொடுத்தா. நாலையும் அப்படியே மேசையில வச்சிடு.”

குடைச்சல் தலை நிமிராமல் எழுதினாள்.

“வலது கையா, இடது கையா டீச்சர்?”