பனிக்பாக்கின் பெயர்

விளக்குத் திரியை அந்தப் பெண் இடது கையால் தட்டிக்கொண்டிருந்தாள். வலது கையால் தட்டும்படிதான் அவளைச் செய்திருந்தார்கள்.

வடதுருவத்து எங்கள் ஊரில் ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய திமிங்கல எலும்பு வீட்டைத் தோண்டி, கணினிக்குள் எழுப்பி, பள்ளிப் பிள்ளைகள் கண்ணில் கருவி மாட்டிப் பார்க்க அனுப்பியவர்கள் தெற்கத்திக்காரர்கள். விளக்கடியில் இருந்தவளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பெண் ஒன்று'. பாடம் நடத்தும் மியாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை அழித்துவிட்டு, வசந்தத்தில் செத்துப்போன தன் அம்மாவின் பெயரை அடித்தாள். பனிக்பாக்.

"வயித்துல எட்டு மாசம். அந்தப் பேரு அதுக்குன்னுதானே வச்சிருந்தே?" கூட வேலை பார்க்கும் யோபி அன்றே கத்தினான். "மூச்சில்லாததுக்குப் போய் வச்சிருக்கியே, புத்தி கெட்டவளே! பேரு போற எடத்துக்குத்தான் ஆளும் போகும்."

"போடா, பொழப்பத்தவனே."

செத்தவர் பெயரோடு பிறக்கும் பிள்ளை செத்தவரேதான், எங்கள் ஊரில். மகளையே 'அம்மா' என்று கூப்பிடப் போகிறோம் என்று மியாலி ஆசையாகக் காத்திருந்தாள்.

இன்று காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. பெயரை அழிக்க வகுப்பறைக்கு ஓடிவந்தாள். அழித்தால் மறுபடி வந்து நின்றது.

கருவியை மாட்டினாள். பகல் பன்னிரண்டு மணி; டிசம்பர் இருட்டு வெளியே கிடக்க, உள்ளே விலா எலும்புகளுக்கு மேல் காற்று உரசிப் போவதும், திரி படபடப்பதும், எங்கோ பனி சொட்டுவதும் கேட்டன, அப்புறம் கருகிய கடல்நாய் எண்ணெய் வாடை வந்தது. கருவிக்கு வாடை கிடையாது.

அம்மா இடது கைக்காரி.

"அம்மா," என்றாள் மியாலி. "எம்புள்ளைய விட்டுடும்மா."

திரி தட்டும் கை நின்றது.

"தெற்க ஆஸ்பத்திரிக்குத் தனியா அனுப்புனியே. கூட வந்தியாடி?"

"லீவு கெடைக்கலம்மா..."

பொய். கேட்கவே இல்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

"இங்கயும் குளிருது. தொணைக்கு ஒண்ணு வேணாமா?"

பெண் மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள். முதுகு தெரிந்தது. மேலங்கியில் பிள்ளையைச் சுமக்கும் பை. நேற்றுவரை காலி.

இப்போது கனத்திருந்தது.

மியாலி கருவியைக் கழற்றி எறிந்தாள். எண்ணெய் வாடை வகுப்பறையிலும் இருந்தது. வயிற்றில் கை வைத்தாள். கல்.

சுவரில் இருந்த பெரிய திரையில் விளக்கு எரிந்தது. பனிக்பாக் இடது கையால் திரியைத் தட்டினாள். முதுகுப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குதிகால் உதைத்தது. மறுபடி உதைத்தது.