வலியில் மூன்றிலொரு பங்கு

நிகிலன் தன் அப்பாவின் வலியில் மூன்றிலொரு பங்கைச் சுமந்தபடியே பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தான். கழுத்தில் வலிப்பங்கி மினுங்கியது. ஆட்டம் முடிந்ததும் அது நன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து, "அப்பாவுக்காக" என்று எழுதிப் பொதுவில் போட்டான். கண்ணீர் மல்கிப் பாராட்டியவர்கள் ஏராளம்.

கோவில்பட்டியில் அப்பா கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எலும்புக்குள் பரவிவிட்ட புற்று. எந்த மருந்தும் எடுபடவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வலிப்பங்கி வந்தது. அது வலியை அழிக்காது. நோயாளியின் நரம்பிலிருந்து எடுத்து இரத்த உறவுகளின் நரம்புகளுக்குப் பிரித்து அனுப்பும். ஊர் எத்தனை தொலைவானாலும் சரி. ஒரே நிபந்தனை, வாங்குகிறவர் வலிமாத்திரை போடக்கூடாது. மரத்த நரம்பு வலியை ஏற்காது. வந்த வழியே திருப்பிவிடும்.

சென்னையில் நிகிலன், துபாயில் பிரணவ், கட்டிலருகே கடைசி மகள் மித்ரா. மூவரும் சமமாகப் பங்கு ஏற்றிருந்தார்கள். ஆனால் அப்பாவின் வலி அவ்வளவாகக் குறையவில்லை. சாப்பாட்டு வேளை கழிந்ததும் உடம்பு வில்லாக வளைந்தது. நோய் முற்றுகிறது என்றே மித்ரா நினைத்தாள். ஒரு மத்தியானம் கருவியின் திரையைத் துருவிப் பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டு பங்குகள் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தன.

நிகிலனை அழைத்தாள்.

"மாத்திரை போடுறியாண்ணே?"

"சாப்பிட்டதும் ஒண்ணு. பிரணவும் போடுறான். வலிச்சா வேற என்ன செய்ய? ஆபீஸ் இருக்குல்ல?"

"அப்போ எதுக்கு அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அலையுற?"

"கழட்டினா நாலு பேரு என்ன நினைப்பாங்க, மித்ரா?"

அழைப்பைத் துண்டித்தாள். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். "ஏட்டி, நீ இப்பத்தான் கண்டுபிடிச்சியா? எனக்கு முதல் வாரமே தெரியும். யாரு தீக்குள்ள இறங்குவான், யாரு வெளிய நின்னு போட்டோவுக்குச் சிரிப்பான்னு சர்வீஸ் பூரா பாத்தவன் நான்."

"சொல்லியிருக்கலாம்லப்பா?"

"கேட்டு வாங்குற பாசத்துக்கு இந்த வலியே தேவலை. அவனுக ரெண்டு பேரையும் அத்துவிடு. உன்னதையும் கழட்டிரு."

அண்ணன்களின் இணைப்பை அறுத்தாள். தன்னுடையதைக் கழற்றவில்லை, அவர்கள் பங்கையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இடுப்பெலும்பில் கடப்பாரை இறங்கியதுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பாவின் முகம் மெல்ல இளகியது. "கிறுக்கி," என்றார்.

அன்று அவரே ரசஞ்சோறு கேட்டார். பிசைந்து ஊட்டினாள். கடித்துக் கடித்து அவள் உதட்டில் கசிந்திருந்த ரத்தத்தை அவர் தன் விரலால் துடைத்துவிட்டார்.

அதன்பின் அதிக நாள் இல்லை. ஒரு காலையில், அவள் தலைவாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அவரிடமிருந்து வந்த வலி சட்டென்று நின்றதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

அண்ணன்கள் வந்தார்கள். நிகிலன் நேரலைக்கு ஆள் வைத்திருந்தான். கழுத்தில் வலிப்பங்கி, எல்லோர் கண்ணிலும் படும்படி. ஒன்றுதான் குறை, கண்ணில் ஈரமில்லை. மித்ராவை அடுக்களைக்கு இழுத்துப் போனான்.

"எனக்கு அழுகையே வரல. சனம் பாக்குது. உன்கிட்ட இருக்கிறதுல கொஞ்சம் எனக்கு அனுப்பு."

"அண்ணே, இது துக்கத்தை அனுப்பாது. உடம்பு வலியை மட்டும்தான்..."

"பாடம் எடுக்காத. அனுப்பு."

மாதக்கணக்கில் அப்பாவைத் தூக்கிப் புரட்டிக் குளிப்பாட்டியதில் அவள் முதுகு நிமிர முடியாமல் போயிருந்தது. அவன் வாசலுக்குப் போய் அப்பாவின் காலடியில் நின்றதும், அறுத்த இணைப்பை மறுபடி சேர்த்து, கருவியின் திசையை மாற்றித் தன் முதுகுவலி முழுவதையும் அவனுக்கு அனுப்பினாள்.

அவன் அலறியது தெருக்கோடிவரை கேட்டது. விழுந்தான், புரண்டான், மண்ணை அள்ளினான். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. "அப்பா" என்ற சொல் மட்டும் வரவில்லை.

"இவன்லா பிள்ளை!" என்று கூட்டம் உருகியது. நேரலையில் இதயங்கள் பறந்தன.

பாடை தூக்க ஒரு தோள் குறைந்தது. மித்ரா நிமிர்ந்தாள். முதுகில் துளி வலியில்லை.

"பொம்பளைப் பிள்ளை தூக்கக் கூடாதும்மா," என்றார் ஒருவர்.

"மூத்தவன் எந்திரிக்கட்டும், விட்டுர்றேன்."

அவன் எழவில்லை. தலைமாட்டுக் கழியைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். சுடுகாடு போய்ச் சேரும்வரை கருவியை அவள் நிறுத்தவில்லை.