அரசி பொன்னிழையின் குரல்

மறந்துவிட்ட குடையை எடுக்க, அஸீலா பள்ளிக்கூட வாசலிலிருந்து திரும்பி ஓடினாள்.

மாலைதான். ஆனாலும் மழைமேகம் கவிந்து வராந்தா இருண்டு கிடந்தது. சிறப்பு வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். கரண்டும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் தாமிரபரணி வெள்ளம் பெருகி, இரைந்துகொண்டு ஓடியது.

ஏழாம் வகுப்பு அறைக்குள் யாரோ பேசினார்கள்.

"நான் கேட்டது சிம்மாசனம். என்னைச் சுற்றி ஏன் இவ்வளவு தண்ணீர்?"

அஸீலா சட்டென்று நின்றாள். அது அரசி பொன்னிழையின் வசனம்!

நாளை தமிழ்ப் பரீட்சைக்கு உள்ள சோக நாடகத்தில் வரும் அரசி அவள். எதிரிப் படையை மூழ்கடிக்க அணையின் மடையைத் திறந்துவிட்டாள். கீழே தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய ஊரும் சேர்ந்து மூழ்கியது. அதன்பிறகு எங்கே போனாலும் அவளுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சொட்... சொட்...

அறைக்குள்ளும் தண்ணீர் சொட்டியது. கதவிடுக்கில் பார்த்தாள். ஜன்னலோரம் தலைமுடியை விரித்தபடி ஓர் உருவம்!

'யா அல்லா! ஓடிவிடலாமா?'

அப்போது அந்த உருவம் மூக்கை உறிஞ்சியது.

பேய்க்குச் சளி பிடிக்குமா என்ன? அஸீலா மெல்லக் கதவைத் தள்ளினாள்.

"ஆ!" என்று அலறியது உருவம். அது சுகன்யா. அவள் வகுப்புத்தோழி.

"ஏட்டி அஸீலா! இப்படியா பயங்காட்டுவே?"

"நானா? எனக்கு உசுரே போயிட்டு! இங்கன தனியா என்ன செய்யுதே?"

சுகன்யா, சற்று முன் பெய்த மழையில் நனைந்த முடியைப் பிழிந்தாள். தரையில் தண்ணீர் சொட்டியது.

"மாணவர் தலைவி தேர்தல்ல நிக்கணும்னு ஆசைப்பட்டேன்லா? வகுப்புல இந்த நாடகப் பாடம் நடத்துன நாள்லேர்ந்து எல்லாரும் என்னைப் பதவி ஆசை பிடிச்ச பொன்னிழைன்னு கூப்பிடுதாங்க. மத்தியானம் யாரும் என்கூட உக்காந்து சாப்பிடலை. அவ மாதிரிப் பேசிப் பாத்தேன். அது என் குரல் மாதிரியே இருக்கு. நானும் அப்படித்தான் ஆயிருவேனா?"

வெளியே ஆற்றின் இரைச்சல் கூடியது. இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு மார்கரெட் டீச்சர்கிட்ட, நான் தேர்தல்ல நிக்கலைன்னு சொல்லிரப் போறேன்" என்றாள் சுகன்யா.

அஸீலாவுக்கு வீட்டுக்கு ஓடிவிடத் தோன்றியது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, "புத்தகத்தை எடு" என்றாள்.

மங்கிய வெளிச்சத்தில் பக்கங்களைப் புரட்டினார்கள்.

"ரெண்டாவது காட்சியிலேயே நாட்டை ஆளணும்னு சொல்லுதா. அப்போ யாருக்காவது கெடுதல் வந்துச்சா?"

"இல்லை."

"மூணாவது காட்சியில?"

"மடைக்காரன், 'ஊர் தூங்குது தாயே'ங்கான். அவனைத் தள்ளிட்டுத் திறக்குதா."

"தப்பு அங்கனதான் இருக்கு. ஆசையில இல்லை."

சுகன்யா யோசித்தாள். "பக்கத்துல மந்திரிங்க, தோழிங்க அத்தனை பேரு நின்னாங்களே. ஒருத்தரும் அவளைத் தடுக்கலையே!"

"பரீட்சையில கேட்டா அதையும் எழுதணும்" என்றாள் அஸீலா.

அஸீலா தன் குடையை எடுத்துக்கொண்டாள். இருவரும் கைகோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பின்னால் காலி அறையில் ஏதோ படீரென்று அறைந்தது.

"ஜன்னலாத்தான் இருக்கும்" என்றாள் சுகன்யா.

"ஜன்னலேதான். திரும்பிப் பாக்காதே!"

வாசல்வரை ஓடிய பிறகுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வி இருந்தது: 'பொன்னிழையின் வீழ்ச்சிக்கு அவளது ஆசையே காரணமா? ஆராய்க.'

அஸீலா நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசையில் சுகன்யாவின் பேனா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பரீட்சை முடிந்ததும் இருவரும் மார்கரெட் டீச்சர் அறையை நோக்கி நடந்தார்கள். சுகன்யா கதவருகே நின்றுவிட்டாள்.

"தேர்தலுக்குப் பேர் கொடுக்கப் போறேன். துணைக்கு வாரியா?"

"வாரேன். ஆனா நீ தப்பு செஞ்சா, முகத்துக்கு நேரே சொல்லிருவேன்!"

"அதுக்குத்தானே உன்னைக் கூப்பிடுதேன்" என்று சொல்லி, சுகன்யா கதவைத் தட்டினாள்.