நடுவீட்டு ஸ்டார்

டிசம்பர் ஒன்றாம் தேதி ஐந்து வீட்டிலும் ஸ்டார் கட்டினார்கள். எரிந்தது மூன்றுதான்.

சகாயசெல்வி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நத்தம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காட்டை மட்டம் தட்டிப் போட்ட புது நகர் அது. ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள் பேசிவைத்து வாங்கிய மனைகள். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை, மொத்தம் ஒன்பது வீடு. நான்கு மூலை வீடுகளுக்கும் இன்னும் யாரும் குடிவரவில்லை, கரண்டுகூட இழுக்கவில்லை. நட்டநடு வீடு செல்வியுடையது. அதற்கு நேர் பின்வீட்டில் அவள் அக்கா மரியபுஷ்பம் தனியாக இருந்தாள்; அத்தான் துபாயில். இப்படிப்பட்ட இடத்தில் கரண்டு ஒழுங்காக வந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

முதல் நாள் செல்வி வீடும் அதன் இரு பக்கத்து வீடுகளும் எரிந்தன. அக்கா வீடும் எதிர்வீடும் இருட்டு. மறுநாள் அப்படியே திரும்பிக்கொண்டது. அக்கா வீடு, செல்வி வீடு, எதிர்வீடு எரிய, பக்கத்து வீடுகள் இரண்டும் அணைந்து கிடந்தன. மூன்றாம் நாள் பழையபடி.

"பேஸ் மாறி மாறிப் போகுது. லைன்மேன்கிட்ட சொல்லியாச்சு" என்றான் கணவன் சூசைமாணிக்கம். நூல் மில்லில் எலக்ட்ரீசியன். கரண்டு விஷயத்தில் அவன் சொல்வதுதான் வேதவாக்கு.

"நம்ம வீட்டுல மட்டும் போகவே இல்லையே?"

"அதுக்குச் சந்தோசப்படுவியா, அதுக்கும் ஒரு கேள்வியா?"

கேள்வி கேட்பதுதானே அவள் பிழைப்பு. பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். போன மாதம்தான் ஒன்பதாம் வகுப்புக்குக் கிராப் தாளில் ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள். அவற்றில் இரண்டோ மூன்றோ உயிரோடு இருந்தால் நடுக்கட்டம் பிழைக்கும். குறைந்தால் தனிமையில் சாகும், கூடினால் நெரிசலில் சாகும். செத்த கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அது உயிர் பெறும். மூன்று கட்டங்களை வரிசையாக நிரப்பினால், அடுத்த சுற்றில் அவை நெட்டுக்குத்தாக நிற்கும். அதற்கடுத்த சுற்றில் மறுபடி படுக்கும். காலத்துக்கும் இதே ஆட்டம்தான். நடுக்கட்டம் மட்டும் அணையவே அணையாது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். இப்போது அது அவள் வாசலில் நடக்கிறது, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் நாள் காலை அக்கா ஒன்று சொன்னாள். "நேத்து ஆறரைக்கே அசந்துட்டேன்டி. விடிஞ்சு முழிச்சுப் பாத்தா அடுப்புக்கிட்ட நிக்கிறேன். நின்னுக்கிட்டே தூங்கியிருக்கேன், பாரு கூத்த!"

செல்வி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பெற்றவள் போன பிறகு இவளுக்குத் தலைவாரிவிட்டுப் படிக்கவைத்தவள் அந்த அக்காதான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம், சூசைமாணிக்கம் ஷிப்டுக்குப் போன பிறகு, ஏழு வயது மகள் பெனிட்டாவை வீட்டுப்பாடம் எழுதச் சொல்லிவிட்டு, கிண்ணத்தில் மீன் குழம்போடு பின்வாசல் வழியாகப் போனாள். அக்கா வீட்டு ஸ்டார் இருண்டு தொங்கியது. காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் காதைக் குடைந்துகொண்டிருந்த சுவர்க்கோழிச் சத்தம், கேட்டைத் தாண்டிக் காலை வைத்ததும் கத்தரித்தாற்போல நின்றது. காபி வாசனை வந்தது. அடுப்பங்கரையில் நீலத் தீ எரிந்துகொண்டிருந்தது, ஆனால் அசையவில்லை. பக்கத்தில் போனால் அனலும் இல்லை. அக்கா நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. மேல் டம்ளரிலிருந்து கீழ் டம்ளருக்குக் காபி இறங்கி, பாதியில் நின்றது.

"அக்கா?"

மூச்சு இல்லை. கன்னத்தைத் தொட்டாள். சூடும் இல்லை, சில்லிப்பும் இல்லை. அந்தரத்தில் நின்ற காபியில் விரலை வைத்தாள். ஈரம்கூட இல்லை.

கிண்ணம் கைநழுவி விழுந்தது. கத்தினாள், உலுக்கினாள், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவள் எதையும் யோசிக்கவில்லை. ஓடினாள். வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்து, பின் ஜன்னல் வழியாகச் சுவருக்கு மேலே வீசி, அக்கா வீட்டு ஸ்டாரின் பிளக்கை அதில் சொருகினாள். சிவப்பாக எரிந்தது.

உள்ளே காபி விழும் சத்தம் கேட்டது.

"ஏன்டி பேயறஞ்ச மாதிரி நிக்கிற? எப்ப வந்த? அய்யோ, குழம்பெல்லாம் கொட்டிக் கெடக்கு!" என்றாள் அக்கா. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "இது எதுக்குன்னு தெரியல, தானா வருது" என்று முந்தானையால் துடைத்தாள். செல்வி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா கிடைத்துவிட்டாள், அது போதும் என்றிருந்தது.

ஆறாம் நாள் ஆறரை மணிக்கு மொட்டைமாடியிலிருந்து பெனிட்டா கத்தினாள். "அம்மா, இன்னிக்கு ஏழு!"

செல்வி ஏறிப்போய்ப் பார்த்தாள். ஆள் இருக்கும் ஐந்து வீடும் எரிந்தன. அக்கா வீட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த மூலை வீடுகளும் எரிந்தன. கரண்டு இல்லாத வீடுகள். யாரும் ஸ்டார் கட்டாத வீடுகள். கதவு போடாத வாசல் ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் உருவம், அவள் வீட்டைப் பார்த்தபடி நின்றது.

இறங்கி ஓடி வயரைப் பிடுங்கினாள். பிளக் கையில் இருந்தது. அக்கா வீட்டு ஸ்டார் எரிந்துகொண்டே இருந்தது.

கதவைத் தாழிட்டுக் கிராப் தாளை எடுத்தாள். ஏழு புள்ளி வைத்தாள். நடுக்கட்டத்தைச் சுற்றி எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள். ஆறுதான். மூன்றுக்கு மேல் போனால் நெரிசல். நாளைக்கு அணையப்போவது இந்த வீடு. அடுத்தடுத்த நாள்களைப் போட்டுப் பார்த்தாள். மற்ற வீடுகள் அணைந்தாலும் திரும்ப எரிந்தன. நடுக்கட்டம் மட்டும் திரும்பி வரவே இல்லை. இருபது நாள் போட்டாள். வரவில்லை. அன்று சாயங்காலம் எரியவேண்டிய வீடு என்பதால்தான் அக்கா விடிந்ததும் முழித்தாள்; இந்த வீட்டுக்கு அப்படி ஒரு சாயங்காலமே இல்லை. எல்லாம் அக்காவுக்காக அவள் வைத்த அந்த ஒரு புள்ளியால்.

விடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டாள். அவள் வரவில்லை, பலகாரத்துக்கு மாவு திரிக்க வேண்டுமாம். கணவனிடம் அழுது லீவு போடவைத்து, மத்தியானம் வீட்டைப் பூட்டி, மூவரும் ஆத்தூரில் இருக்கும் அவன் அண்ணன் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். வீடு அணைந்தால் அணையட்டும். உள்ளே ஆள் இருந்தால்தானே?

தோட்டத்தில் அணைப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. புளியமரத்தில் பிள்ளைக்கு ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். "ஒரு கிராப் பேப்பருக்குப் பயந்து லீவு போட்டவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்" என்று கட்டிலில் உட்கார்ந்து கடலை உரித்தான் சூசைமாணிக்கம். செல்விக்கும் இரண்டு நாளில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது. செல்போனைப் பார்த்தாள். ஆறு இருபத்தொன்பது.

"அம்மா, இன்னும் உசரமா தள்ளும்மா!"

முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். ஊஞ்சல் போய் வந்தது. தள்ளினாள். போய் வந்தது. பெனிட்டாவின் ரிப்பன் பறந்தது. சுவர்க்கோழிகள் கத்தின. இன்னொருமுறை தள்ளினாள்.

ஊஞ்சல் போனது.

சுவர்க்கோழிச் சத்தம் நின்றது. கடலைத் தோல் உடையும் சத்தம் நின்றது.

கயிறு சாய்ந்தபடியே இருந்தது. கால் இரண்டும் வானத்தைப் பார்த்தபடி, ரிப்பன் காற்றில் விரிந்தபடி, பிள்ளை அந்த உயரத்திலேயே இருந்தாள். முகம் அந்தப் பக்கம் இருந்தது.

பிடித்துக்கொள்ள நீட்டிய கைகளை மடக்க நினைத்தாள் செல்வி. மகளைக் கூப்பிட நினைத்தாள். கன்னத்தில் கண்ணீராவது இறங்கட்டும் என்று நினைத்தாள்.

நினைக்க மட்டும் முடிந்தது.