சுருதி ஏறும் வீடு

அவள் பிடித்து வைத்திருந்த சுருதி ஒரு மயிரிழை ஏறியது.

காதுகளை இறுக மூடிய ஹெட்ஃபோனுக்குள், ஒரே ஒரு தாழ்ந்த ஸ்வரம் வெகுநேரமாக அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ஈரத் துணியை யாரோ மெல்ல முறுக்குவதுபோல அதன் விளிம்பு இறுகியதை முதலில் காது கவனித்தது, அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. கணவர் எழுந்து வந்துவிட்டார் என்று நினைத்தாள். அவர் பின்னால் வந்து குனிந்தால் மேசைமேல் இருந்த சின்ன இசைக்கருவியின் சுருதி இப்படித்தான் ஏறும். இன்னுமா தூங்கவில்லை என்று கேட்டபடியே திரும்பினாள். நாற்காலிக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனை நகர்த்தியபோது, பாதி திறந்திருந்த படுக்கையறைக் கதவுக்கு அப்பாலிருந்து அவருடைய குறட்டை சீராக வந்தது.

மறுபடி மேசையைப் பார்த்தாள். சுருதி இறங்கிப் பழைய இடத்துக்கே வந்திருந்தது. யாரோ எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது மாதிரி.

தூக்கம் வராதவர்கள் கேட்கும் கைபேசிச் செயலி ஒன்றுக்கு நீண்ட ஒலிகளைச் செய்து தருவது அவள் வேலை. கணவர் பேக்கரியில் ரொட்டி சுடுபவர். ஊர் விழிப்பதற்குள் அடுப்பு மூட்ட வேண்டும் என்பதால் பொழுது சாயும்போதே படுத்துவிடுவார். அவர் தூங்கும் நேரம்தான் அவளுக்கு வேலை நேரம்.

கணினிக்குள்ளேயே செய்து சலித்துப்போய் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி ஒன்றை வாங்கலாம் என்று இருவரும் கடைக்குப் போனபோது, தாடிக்காரக் கடைக்காரர் பெரிய கருவிகள் பக்கமே அவர்களை விடவில்லை. கைக்கு எட்டாததை வாங்கித் தூசி தட்டிக்கொண்டிருப்பதைவிட, எட்டியதை வாங்கி அதன் எல்லாக் குமிழ்களையும் திருகித் தெரிந்துகொள்வது மேல் என்றார். இரண்டு சின்னக் கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று டிஜிட்டல். நூறு ஒலிகளை நினைவில் வைத்திருந்தது; சுருதி பாறை மாதிரி நின்றது. இன்னொன்றுக்கு நினைவென்பதே கிடையாது. குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் ஒலி, ஒரு நேரத்துக்கு ஒரே ஸ்வரம், அதுவும் சூட்டுக்கு ஏற்ப நகர்ந்துகொண்டே இருக்கும். அவள் இரண்டையும் கேட்டுப் பார்த்தாள். முதலாவது பிளாஸ்டிக் பூ மாதிரி குறையில்லாமல் இருந்தது. இரண்டாவது மூச்சு விட்டது. விலையும் கம்மி, பார்க்கவும் சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது, இதையே எடு என்று கணவர் சிரித்தார்.

"போட்ட உடனே வாசிக்காதீங்கம்மா, கொஞ்ச நேரம் சூடாகட்டும்" என்றார் கடைக்காரர். "அப்புறம், பக்கத்துல ஆள் வந்து நின்னாலே சுருதி நகரும். உடம்புச் சூடு போதும் அதுக்கு."

நாற்காலிக்குப் பின்னால் யாரும் இல்லாமலே சுருதி ஏறிய அந்த நாளுக்கு அடுத்த நாளும் ஏறியது. அதற்கடுத்த நாளும். கடைக்காரரிடம் தொலைபேசியில் சொன்னாள். மின்சாரம் ஒரே சீராக வராததால் இருக்கலாம், பேட்டரி போட்டு ஓட்டிப் பாருங்கள் என்றார். பேட்டரி போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், விளக்கைக்கூடத் தள்ளி வைத்தாள். வெளியே வெளிச்சம் சாம்பலாகி, எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக்கொண்டிருந்த வேளையில், காய்ந்த மாவும் வியர்வையும் கலந்த கணவரின் வாசனை இன்னும் விலகாத அந்த அறையில், சுருதி மெல்ல, வெட்கப்பட்டு வருவதுபோல, ஏறியது. கொஞ்சம் நின்றது. இறங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கணவரிடம் சொல்லவில்லை. பாவம், அவருக்குக் கிடைப்பதே கோழித் தூக்கம். தவிரவும், வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும்போல் இருந்தது.

செயலிக்காரர்கள் ஒலி இன்னும் கனமாக வேண்டும் என்று கேட்டபோது, அதே கருவியில் இன்னொன்று வாங்கிவந்தாள். இரண்டையும் ஒரே ஸ்வரத்தில், சுருதியை மட்டும் ஒரு இம்மி விலக்கி வைத்தால், நடுவே ஓர் அலை எழும். தூங்குகிறவரின் மார்பு ஏறி இறங்குவதைப் போல. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று சூடாக்கிவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் புதியதைப் படுக்கையறையில், கணவரின் தலைமாட்டில் ஒரு முக்காலி போட்டு வைத்து, நீளமான கேபிளை மேசைவரை இழுத்தாள். அதன் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டதால் அவருக்குத் தொந்தரவில்லை. அவர் படுத்து, உடம்புச் சூடு அங்கே ஒரு நிலைக்கு வந்தபிறகு, இரண்டுக்கும் சுருதி கூட்டினாள். மேசைக் கருவி இடது காதில். படுக்கையறைக் கருவி வலது காதில்.

அலை எழுந்தது. மெதுவாக. போய், வந்து, போய். அவளுக்கே கண் சொருகியது.

இடது காதில் சுருதி ஏறியது.

அலை அவசரப்பட்டது. சீரான மூச்சு, ஓடி வந்தவனின் மூச்சாக மாறியது. பிடரியில் லேசான வெதுவெதுப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அது போகட்டும் என்று காத்திருந்தாள். போயிற்று. இடது காதில் சுருதி இறங்கியது. அலை பழையபடி ஆற அமர நடக்கத் தொடங்கியது. அப்பாடா என்று மூச்சை விட்டாள்.

வலது காதில் ஏறியது.

அவள் அசையவில்லை. இடையில் கழிந்த நேரத்தை மனம் தானாகவே அளந்தது. மேசையிலிருந்து படுக்கைவரை ஒரு ஆள் அவசரமில்லாமல் நடந்துபோகும் நேரம்.

வலது காதில் இன்னும் ஏறியது. இறங்கவில்லை. அங்கேயே நின்றது.

ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். கணவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். தோளைத் தொட்டாள். அவர் முனகினார்.

"இப்பதானே எழுந்து போன. மறுபடி என்ன?"

"நான் எங்கங்க வந்தேன்?"

"முதுகை ஒட்டிக்கிட்டுப் படுத்திருந்தியே. வேர்த்தே போச்சு எனக்கு."

அவர் பனியனின் பின்புறம் நனைந்து ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால், காலியாகக் கிடந்த விரிப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது.

அவரை எழுப்பி உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பொறுமையாகக் கேட்டார். அடுப்பில் ஒரு பக்கத்து ரொட்டி மட்டும் கருகினால் அது பேயின் வேலை இல்லை, எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், தேடினால் கிடைக்கும் என்றார். தான் போய் மேசையில் உட்கார்ந்து கேட்பதாகவும், அவள் படுக்கையறையிலேயே இருந்து முக்காலிக்குப் பக்கத்தில் ஒருமுறை, ஜன்னலோரம் ஒருமுறை நிற்க வேண்டும் என்றும் சொன்னார். யாருடைய சூடு எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்த்துவிட்டால் போதுமாம். அவருடைய நிதானம் அவளுக்குத் தெம்பாக இருந்தது.

கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுப் போனார். படுக்கையறையிலிருந்து பார்த்தால் அவர் முதுகும், தலையில் ஹெட்ஃபோனும், மேசை விளக்கின் வட்டமும் தெரிந்தன. ஒலியைக் கூட்டிக்கொண்டார். காது அடைபட்டவர்கள் பேசுவதுபோல உரக்கப் பேசினார்.

அவள் முக்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வலது பக்கம் ஏறுது" என்றார்.

கட்டிலைச் சுற்றி ஜன்னலோரம் போனாள்.

"இறங்குது. அவ்வளவுதான், எல்லாம் உன் சூடுதான்."

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. திரைச்சீலையில் சாய்ந்துகொண்டாள்.

"திரும்ப ஏறுதே. கிட்ட போயிட்டியா?"

அவள் ஜன்னலோரம்தான் நின்றிருந்தாள். முக்காலி கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன்மேல் கருவியின் சிவப்பு விளக்குப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

"நான் இல்லங்க" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. அவர் காதுகளில் ஸ்வரம் மட்டும்தான் இருந்தது.

"ரொம்ப ஏறுது. சரி சரி, போதும், நகரு."

என்னங்க என்று கத்தினாள். ஹெட்ஃபோனைத் தாண்டி அது அவரை எட்டவில்லை.

சிவப்புப் புள்ளி ஒரு கணம் மறைந்தது. மறுபடி தெரிந்தது.

"ம். இறங்குது."

அவளுக்கும் அவருக்கும் நடுவே கட்டில். கட்டிலுக்கு அப்பால் கதவு. கதவு நிறைய மேசை விளக்கின் வெளிச்சம். வெளிச்சத்தில் ஒன்றும் இல்லை. கோடைக்காலத் தார்ச் சாலைக்கு மேலே நெளிவதைப் போல, அந்த வெளிச்சம் மட்டும் லேசாக நெளிந்தது.

ஓட வேண்டும். கால் எழவில்லை.

"இப்ப இடது பக்கம் ஏறுது" என்றார். குரலில் சந்தோஷம். ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டவரின் சந்தோஷம். "இங்கதான் வர்றியா? வா, நீயும் கேளு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, வலது கையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார்.

கை காற்றில் நின்றது.

பிறகு விரல்கள் மடங்கின. முழுதாக மூடவில்லை. ஒரு கையின் பருமனுக்கு இடம் விட்டு நின்றன. கட்டைவிரல் மட்டும், எதையோ ஆதரவாக, மேலும் கீழும் தடவிக்கொடுத்தது.

"ஏன் கை இப்படிக் கொதிக்குது உனக்கு?" என்றார்.