பத்து நாள் மருந்து

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் காலைக் காப்பிக்கு முன்னால் எல்லோரும் கதவுக்கு நாக்கை நீட்டுவார்கள். கதவு பாக்டீரியாக்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வழிவிடும். அன்று சபேசனுக்கு வழிவிடவில்லை. மாலைக்குள் காய்ச்சல் நூற்று நான்கைத் தொட்டது.

அவன் மனைவி அமுதவல்லி மருந்து வேதியியலாளர். இருந்த மருந்து எதற்கும் அந்தக் கிருமி அசையவில்லை. ஆனால் தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ள அது ஒரே ஒரு நொதியைத்தான் நம்பியிருந்தது. அந்த நொதியின் குழிவில் கச்சிதமாகப் போய் அடைத்துக்கொள்ளும் மூலக்கூறை ஒன்பது நாள் கண் அயராமல் தேடிப் பிடித்தாள். தினம் ஒன்றாகப் பத்து மாத்திரை.

தனிமை அறைக்குள் மனிதர்கள் போகக் கூடாது. மாத்திரை கொடுத்தது தாதிப்பொறிதான். நெற்றியில் ஈரத்துணி போட்டது, கஞ்சியை ஆற்றி ஊட்டியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அமுதவல்லிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மருந்து தொடங்கிய நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. சபேசன் எழுந்து உட்கார்ந்து, "நீ சாப்ட்டியா அம்மு?" என்று கேட்டான். அவள் கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழுதாள்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் திரும்பி வந்தது. கிருமியை எடுத்துச் சோதித்தாள். நொதி தன் குழிவை மாற்றிக்கொண்டிருந்தது. மருந்து அதில் ஒட்டவே இல்லை. பத்து நாளும் மருந்து போயிருந்தால் மாறுவதற்கு ஒரு கிருமிகூட மிஞ்சியிருக்காதே!

"பத்து மாத்திரையும் குடுத்தியா?"

"நாலு குடுத்தேம்மா. அதான் காய்ச்சல் விட்டுடுச்சே? சும்மா சும்மா மருந்து சாப்ட்டா உடம்புக்கு ஆகாது." தாதிப்பொறி ஒரு டப்பாவைத் திறந்து காட்டியது. உள்ளே காகிதத்தில் மடித்த ஆறு மாத்திரைகள். "நாளைக்கு உங்களுக்கே வந்தா உதவுமில்ல?"

"யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதாம்மா. அவரை அன்பாப் பாத்துக்கணும்னு, இருபத்தோராம் நூற்றாண்டு வீடுங்க ஒரு கோடியோட பதிவை எனக்குள்ள போட்டீங்களே!"

இனி மாறிய குழிவுக்கு வேறொரு மூலக்கூறை அமுதவல்லி தேட வேண்டும். அதுவரை அவன் தாங்க வேண்டும்.

"திட்டாதே அம்மு, பாவம்" என்று உள்ளே முனகினான் சபேசன்.

"பத்து நாளும் குடுக்கணும்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்றாள் அவள், அழுகையை அடக்கிக்கொண்டு.

"சொன்னீங்கம்மா" என்றது தாதிப்பொறி, அவன் போர்வையைச் சரிசெய்தபடி. "அந்த ஒரு கோடி வீட்லயும் டாக்டருங்க அப்படித்தான் சொல்லியிருந்தாங்க."